கணினிக்கு வைத்த சந்தனம்

சாமியறைக்குள் எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு கதலிப்பழம், ஒரு தேசிக்காய். அவற்றுக்கு நடுவில், என் கணினிக்கென்று கொழும்பிலிருந்து வரவழைத்த புத்தம் புது ராம் தகடுகள் இரண்டும் உறை உரிக்கப்பட்டு, உடம்பெல்லாம் சந்தனமும் குங்குமமுமாகப் படுத்திருந்தன. சாம்பிராணிப் புகை இன்னும் அடங்கவில்லை.

தட்டுக்கு முன்னால் மலர் மச்சாள் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"மச்சாள்! என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

"கத்தாத, கௌரி. புதுச் சாமான் வந்தா சாமிக்கு வைக்காமப் பாவிக்கிறதே? ஃபிரிட்ஜுக்கும் வைச்சனான், தம்பியின்ர மோட்டார் சைக்கிளுக்கும் வைச்சனான். இதுக்கு மட்டும் என்ன வஞ்சகம்?"

"ஐயோ, இதில ஈரம் படக்கூடாது!"

"ஈரமோ? பன்னீர் விட்டெல்லோ குழைச்சனான்," என்றார் பெருமையாக. "அடியில மஞ்சளா மினுங்கின பக்கத்துக்குக் கொஞ்சம் கூடவே வைச்சனான். அதுதானே வடிவான பக்கம்."

அந்த மினுங்கும் பக்கம்தான் தகட்டின் பற்கள். அந்தப் பற்களால் கடித்துக்கொண்டுதான் அது கணினிக்குள் நிற்கும், வேலை செய்யும். ஒவ்வொரு பல்லிலும் சந்தனம். அந்த நேரம் என் வாயில் வந்ததை எழுதினால் பத்திரிகை ஆசிரியர் அச்சிடமாட்டார்.

இரண்டு ராச்சியங்கள்

மலர் மச்சாள் என் கணவரின் மூத்த அக்கா. எங்களோடு லிங்கநகர் வீட்டில்தான் இருக்கிறார். சமைக்கிற குசினியும் சாமியறையும் அவருடைய ராச்சியம். முன்னறை என்னுடையது. அங்கேதான் என் கணினி, ஸ்கானர், படம் அச்சிடும் மெஷின் எல்லாம். பழுதான பழைய படங்களைச் சரிப்படுத்திப் பெருப்பித்துக் கொடுப்பது என் தொழில் என்பது இந்தத் தொடரை விடாமல் வாசிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

எங்கள் ஊர்க்காரருக்கு ஒரு குணம் உண்டு. எந்த மெஷின் வீட்டுக்குள் வந்தாலும் அதை ஒரு பிள்ளை மாதிரி ஆக்கிவிடுவோம். பொட்டு வைப்போம், உடுப்புத் தைப்போம். என் முதலாவது கணினிக்கு மலர் மச்சாள் பூ வேலை செய்த சட்டை ஒன்று தைத்துப் போட்டிருந்தார். காற்றுப் போகிற துளையெல்லாம் அடைபட்டு, வெக்கைக் காற்று வீசும் ஒரு கச்சான் காலத்து மத்தியானத்தில் அது சூடேறிச் செத்துப்போனது. "நல்லா உடுத்திக்கொண்டுதான் போச்சு" என்று என் கணவர் சொன்னார். மூன்று பேரும் சிரித்தோம். பிறகு நான் தனியாக இருந்து அழுதேன்.

ஆனால் இந்த முறை சிரிக்க ஏலாது. இந்த இரண்டு தகடுகளை நம்பி சம்பூரில் ஒரு பிள்ளை காத்திருந்தாள்.

நாலாக மடித்த படம்

அவள் பெயர் சுதா. சம்பூரில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். ஆவணியில் கலியாணம். கச்சான் காற்று தொடங்கிய நேரம், ஒரு காலைப்பொழுது, பஸ்ஸில் வந்து இறங்கி, விசாரித்து விசாரித்து என் வீட்டைக் கண்டுபிடித்தாள். முகமெல்லாம் புழுதி. கையில் இரண்டு கார்ட்போட் மட்டைகளை முகமும் முகமுமாக வைத்துக் கட்டியிருந்தாள். தண்ணி குடிக்கச் சொன்னேன். முதலில் மட்டையை அவிழ்த்துவிட்டுத்தான் குடித்தாள்.

உள்ளே ஒரு பெரிய குழுப் படம். அம்மன் கோயில் பொங்கலன்று ஊர்ப் பெண்கள் எல்லாரும் வரிசையாக நின்று எடுத்தது. நாலாக மடித்த மடிப்பு, குறுக்கே சிலுவை மாதிரிக் கிடந்தது. ஒரு மூலையிலிருந்து தண்ணீர் ஊறி, நிறம் கரைந்து, பூஞ்சணம் பிடித்திருந்தது.

"இடம்பெயரேக்க அப்பா சேட்டுப் பொக்கற்றுக்க மடிச்சு வைச்சுக்கொண்டு வந்தவர். வேற ஒண்டும் எடுக்கேல்ல," என்றாள்.

இரண்டாம் வரிசையில், இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு நின்ற பெண்ணைக் காட்டினாள். முகம் பெருவிரல் நகமளவுதான். அதுதான் அவளுடைய அம்மா. இடுப்பில் இருப்பது சுதா. அம்மா, இடம்பெயர்ந்திருந்த இடத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனார். வேறு படம் எதுவும் மிஞ்சவில்லை.

"மணவறைக்குப் போக முன்னம் தாய் தேப்பனை விழுந்து கும்பிட வேணும் அக்கா. அப்பா இருக்கிறார். அம்மாட இடத்தில ஒரு படமாவது நிக்க வேணும்."

"ஓம், பிள்ளை. வேற இடத்தில காட்டினனீங்களோ?"

காட்டியிருந்தாள். போனை நீட்டினாள். யாரோ ஒருவர் ஏதோ ஒரு செயலியில் போட்டு, கண் மூடித் திறக்க முதல் செய்து கொடுத்த முகம். உரித்த முட்டை போலக் கன்னம். வில் மாதிரிப் புருவம். சிவந்த உதடு. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானால் கூடப் பரவாயில்லை, இங்கே யாரோ ஒரு நடிகை ஆகிவிட்டது.

"அப்பா போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சுப் பார்த்தவர். பிறகு, 'வடிவாத்தான் இருக்கிறா. ஆனா ஆர் இவ?' எண்டு கேட்டவர்."

அவள் போனை மூடினாள்.

"அக்கா, எனக்கு அம்மாட முகம் நினைவில்ல. நீங்கள் எந்த முகத்தைச் செய்து தந்தாலும் அதுதான் அம்மா எண்டு நான் நம்பிப்போடுவன். அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

எனக்கும் அந்த நிமிடத்தில் பயம் பிடித்தது. இந்தத் தொழிலில் இத்தனை வருடம் இருந்தும் இப்படி ஒரு பயத்தை எனக்கு யாரும் தந்ததில்லை.

வெள்ளை பூசிய காலம்

நான் வேலை பழகியது நகரத்தில் ஒரு ஸ்டூடியோவில். அங்கே வருகிற எல்லாத் தாய்மாரும் ஒரே பாட்டுத்தான் பாடுவார்கள். "பிள்ளையைக் கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ." நாங்களும் பூசுவோம். ஒரு முறை ஒரு மாப்பிள்ளையை எவ்வளவு வெள்ளையாக்கினோம் என்றால், அல்பத்தைத் திறந்த அவருடைய பெரியப்பா, "பொம்பிள வீட்டுக்காரர் ஆளை மாத்திப்போட்டினமோ?" என்று கேட்டார். ஸ்டூடியோவே அதிர்ந்தது. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

மறு, தழும்பு, பரு, தூசி என்று கண்ணில் பட்டதையெல்லாம் அழிப்பது எங்களுக்குக் கைப்பழக்கம். இப்போதும் என் கைப்பையில் ஒரு மெல்லிய துணி இருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும், சுவரில் மாட்டிய படத்தின் கண்ணாடியில் ஒரு விரலடையாளம் கண்டால் துடைத்துவிட்டுத்தான் கதிரையில் இருப்பேன். சனம் என்ன நினைக்குமோ தெரியாது.

சுதா போன பிறகு அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கன நேரம் இருந்தேன். இதில் எதையும் நான் புதிதாக உண்டாக்கக் கூடாது. உள்ளதை வெளியே எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இறங்குதுறையில் இடமில்லை

உள்ளதை வெளியே எடுப்பதென்றால் ஸ்கானரை அதன் உச்ச அளவில் வைத்துப் படிக்க வேண்டும். படம் பெரியது, ஸ்கானர் சின்னது. இரண்டு துண்டாகப் படித்து ஒட்டினேன். அதன் மேல் மடிப்பைச் சரிசெய்ய ஓர் அடுக்கு, கறைக்கு ஓர் அடுக்கு, நிறத்துக்கு ஓர் அடுக்கு என்று ஏற ஏற, என் கணினி மூச்சுவிட மறந்தது. தூரிகையை ஒரு தரம் இழுத்தால், போய்ப் பிளேன்ரீ ஊற்றிக் குடித்துவிட்டு வரலாம், கோடு அப்போதுதான் வந்து சேரும். சேமிக்கப் போனால் திரை உறைந்துவிடும். ஒரு காலை முழுவதும் செய்த வேலை இரண்டு முறை போனது. படத்தைச் சின்னதாக்கினால் கணினி ஓடியது, ஆனால் முகம் அப்பிக்கொண்டு கிடந்தது.

என் கணவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர். எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரே மருந்துதான்: பெரிய எஞ்சின்.

"ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்ட் போடும். என்னோட வேலை செய்யிற பெடியன் போட்டிருக்கிறான், ரெண்டு காத்தாடி, கலர் கலரா லைற் எரியுது. மெஷின் குதிரை மாதிரி ஓடுது."

"அவன் அதில என்ன செய்யிறவன்?"

"கேம் விளையாடுறவன்."

"நான் கேமே விளையாடுறன்?"

"உமக்கு எதைச் சொன்னாலும் ஒரு எதிர்க்கதை."

அவருக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லிப் பார்த்தேன். "இஞ்ச பாருங்கோ. உங்கட பாரந்தூக்கி எவ்வளவு பலமானதெண்டாலும், கப்பலில இருந்து இறக்கிற பெட்டியை வைக்க இறங்குதுறையில இடம் வேணுமல்லோ? இடமில்லாட்டி?"

"தூக்கினபடி நிக்க வேண்டியதுதான்."

"அதுதான் என்ர கணினியும் நிக்குது. ராம் எண்டுறது இறங்குதுறை. படம் பெரிசு, பரப்பி வைக்க இடம் காணாது. பாரந்தூக்கி சும்மாதான் நிக்குது."

அவர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "இதை முதலே சொல்லியிருக்கலாமே," என்றார். நான் முதலே சொன்னதுதான்.

மான் எட்டிப் பார்த்த கடை

நகரத்தில் றிஸ்வானின் கணினிக் கடைக்கு இருவருமாகப் போனோம். வாசலில் ஒரு புள்ளிமான் நின்று, வெறும் கீபோட் பெட்டி ஒன்றின் மட்டையை ஆற அமரச் சப்பிக்கொண்டிருந்தது. றிஸ்வான் "சூ, சூ" என்றார். அது எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சப்பலைத் தொடர்ந்தது. எங்கள் ஊரில் தெருவெல்லாம் திரியும் மானுக்கு இருக்கிற உரிமை மனிசருக்கு இல்லை.

"மெடம், இந்தக் கார்ட்டைப் போட்டீங்கண்டா உங்கட மெஷின் பறக்கும்," என்று றிஸ்வானும் அதே காத்தாடிப் பெட்டியைத்தான் எடுத்தார். என் கணவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"பறக்க வேணாம் தம்பி. நிக்காம நடந்தாக் காணும்."

பென்டிரைவில் கொண்டுபோன படத்தை அவருடைய கடைக் கணினியிலேயே திறக்கச் சொன்னேன். கணினியின் எந்த உறுப்பு எவ்வளவு பாடுபடுகிறது என்று காட்டும் பக்கம் ஒன்று உண்டு. அதையும் பக்கத்தில் திறந்து வைத்தோம். படம் திறக்கத் திறக்க ராம் காட்டும் கோடு விறுவிறுவென்று ஏறி உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது. கிராஃபிக்ஸ் கார்ட்டின் கோடு அடியில் நித்திரை.

றிஸ்வான் சிரித்தார். "ஓம் மெடம், நீங்க சொல்றது சரி. உங்கட வேலைக்கு ராம்தான். கையில இருக்கிற காசுக்கு ஒண்டுதான் வாங்கலாமெண்டா அதை வாங்குங்க. ஆனா தனி ஒண்டு வேணாம். ஒரே கம்பனி, ஒரே அளவு, சோடியாப் போடுங்க. சோடியா இழுத்தா நல்லா இழுக்கும்."

என் பழைய கணினியின் மாதிரியைக் கேட்டு, அதற்குப் பொருந்தும் ராம் எதுவென்று பார்த்து, கொழும்புக்குச் சொல்லி எடுப்பித்துத் தந்தார். வாங்கும்போது ஒன்று சொன்னார். "இந்த மஞ்சள் பல்லு இருக்கே மெடம், இதைக் கையால தொடாதீங்க. நம்மட ஊர் உப்புக் காத்து. அழுக்குப் பட்டா அதிலதான் முதல் பிடிக்கும்."

வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அந்த இடைவெளியில்தான் மச்சாள் புதுச் சாமானைக் கண்டார்.

உள்ளதும் போச்சு

இனிச் சாமியறைக்குத் திரும்புவோம். நான் கத்த, மச்சாள் விசும்ப, சத்தம் கேட்டு என் கணவர் வந்தார். அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் அகப்பட்ட ஆண்பிள்ளை எப்போதும் ஏதாவது செய்து காட்டத்தான் பார்ப்பான். "இதுக்கேன் இவ்வளவு சண்டை?" என்று இரண்டு தகடுகளையும் எடுத்து, உடுத்திருந்த சாரத்தின் முனையால் இழுத்துத் துடைத்தார். நான் "வேண்டாம், பொறுங்கோ" என்று முடிக்க முதல், பழைய ராமைக் கழற்றி, புதியதைப் பொருத்தி, ஒரு அமத்து அமத்தினார். பாரந்தூக்கி ஓட்டுகிற கை.

கணினி எழும்பவில்லை. "பீப், பீப், பீப்" என்று அழுதது. பழைய ராமைத் திரும்பப் போட்டோம். அதற்கும் அதே அழுகை. பல்லில் இருந்த சந்தனம் தகடு பொருத்தும் பொந்துக்குள்ளும் போய் அப்பிவிட்டது.

உள்ளதும் போச்சுதடா நொள்ளைக்கண்ணா!

அந்த நேரம் பார்த்து சுதா போன் எடுத்தாள். "அக்கா, படம் வந்திடும்தானே? அப்பா ஒவ்வொரு நாளும் கேட்கிறார்."

"வரும், பிள்ளை," என்றேன். கையில் செத்த கணினி. அவளுக்கு அந்த ஒரு சொல்லைத் தவிரக் கொடுக்க என்னிடம் வேறொன்றும் இல்லை.

றிஸ்வானுக்குப் போன் செய்தேன். கதையைக் கேட்டதும் வெடித்துச் சிரித்தார். "மெடம், எறும்பு பாத்திருக்கன், பல்லி முட்டை பாத்திருக்கன், சந்தனம் இதுதான் முதல் தடவை!" சிரித்து முடித்து வழியும் சொன்னார். கரண்ட் வயரைக் கழற்ற வேண்டும். தண்ணீர் பக்கமே போகக் கூடாது. மருந்துக்கடையில் தண்ணி கலக்காத ஸ்பிரிட் கேட்டு வாங்கி, மெத்தென்ற பிரஷ்ஷால் பொந்தைத் துப்புரவாக்க வேண்டும். பல்லுக்கு வெள்ளை அழிறப்பர். எல்லாம் முடிந்து ஒரு நாள் காய வேண்டும். "அவசரப்பட்டீங்களோ, போர்டும் போயிரும்."

மச்சாள் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. என்னோடும் கதைக்கவில்லை. அடுத்த நாள் காலை நான் கணினியைத் திறந்து வைத்து, பொந்துக்குள் பிரஷ்ஷை விடப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"தா இஞ்ச," என்றார் மச்சாள். "குத்துவிளக்கின்ர இடுக்கெல்லாம் மினுக்கிற கை இது. உன்ர கை இப்ப கோபத்தில நடுங்குது."

கோபமில்லை, பயம் என்று நான் சொல்லவில்லை. அவர் பிரஷ் பிடிக்க, நான் டோர்ச் பிடித்தேன். ஸ்பிரிட் நெடியும் சந்தன வாசமும் கலந்து முன்னறை ஆசுபத்திரியா கோயிலா என்று தெரியாமல் இருந்தது. இடையில், "அந்தப் பிள்ளைக்கு நல்லது நடக்க வேணும் எண்டுதானடி வைச்சனான்" என்றார். என் கண் கலங்கிவிட்டது. "தெரியும் மச்சாள்" என்றேன். அவ்வளவில் சண்டை தீர்ந்தது.

மறுநாள் புதுத் தகடுகளைப் போட்டு, கணினியின் மின் ஆளியை அமத்தினோம். ஒரே ஒரு "பீப்". திரை வெளிச்சமானது.

"பிள்ளையாரே!" என்றார் மச்சாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இனி நான் ஒண்டுக்கும் வைக்கமாட்டன்."

"வையுங்கோ. ஆனா பெட்டிக்கு வெளியால வையுங்கோ."

உடனே போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

கன்னத்தில் ஒரு கறை

பெரிய படத்தைத் திறந்தேன். நிற்காமல் திறந்தது. அடுக்குக்கு மேல் அடுக்குப் போட்டேன், சளைக்கவில்லை. தூரிகை கையோடு வந்தது. அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்ல? எத்தனையோ நாள் சேற்றில் நடந்துவிட்டு ரோட்டில் கால் வைத்த மாதிரி.

சுதாவின் அம்மாவின் முகத்தைத் திரை நிறையக் கொண்டுவந்தேன். கறுத்த, களைத்த, நல்ல முகம். ஒரு புருவம் மற்றதைவிடச் சற்று உயர்ந்திருந்தது. வெயிலுக்குச் சுருக்கிய கண். சிரிப்பதா வேண்டாமா என்று நிற்கும் வாய். நிறத்தை அது இருந்தபடியே விட்டேன். மடிப்பு காதோரமாகப் போயிருந்தது, அதிர்ஷ்டம். நூல் நூலாகச் சேர்த்தேன். ஊறிய தண்ணீர்க் கறையையும் பூஞ்சணத்தையும் கழுத்துவரை அழித்துக்கொண்டு மேலே வந்தேன்.

இடது கன்னத்தில் இன்னொரு கறை. வெளிறிய ஒரு தீற்றல். சின்னப் படத்தில் அது தண்ணீர்க் கறையோடு ஒன்றாய்க் கலந்து தெரிந்தது. போன் செயலி அதை ஒரே பூச்சாக மூடியிருந்தது. நானும் தூரிகையை அளவெடுத்து அதன் மேல் கொண்டுபோனேன்.

பிளேன்ரீயோடு வந்த மச்சாள் என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"ஏன் அதை அழிக்கிறாய்?"

"கறை மச்சாள்."

"கறையோ? விசரி. அது சந்தனமடி."

கையை எடுத்தேன்.

"பிள்ளையின்ர நெத்தியைப் பார். பொட்டு அரைவாசிதான் கிடக்கு. மிச்சத்தைத் தாயின்ர கன்னத்தில தேய்ச்சுப்போட்டுது. பொங்கலண்டு சனத்துக்க, வெயிலுக்க, பிள்ளை சிணுங்கிக்கொண்டு கிடந்திருக்கும்."

குழந்தையின் முகத்தை இழுத்துப் பார்த்தேன். ஓம். நெற்றிப் பொட்டு ஒரு பக்கமாக இழுபட்டுக் கிடந்தது. நிறமெடுக்கும் கருவியால் நெற்றியிலும் கன்னத்திலும் மாறி மாறித் தொட்டேன். இரண்டும் ஒரே மஞ்சள்.

பிளேன்ரீ ஆறிப்போனது.

எங்கள் பக்கத்தில் உயிரோடு இருப்பவரின் படத்துக்கு மாலை போடக் கூடாது. ஆகவே இடுப்பில் இருக்கும் குழந்தையை வெட்டிவிட்டுத் தாயை மட்டும்தான் பெருப்பிக்க வேண்டும். அப்படி வெட்டினால் அந்தப் படத்தில் சுதா இருந்ததற்கு மிஞ்சப்போவது அந்த ஒரு தீற்றல்தான். அதைத்தான் நான் அழிக்கப் பார்த்தேன்.

அவளுடைய பங்கு

படத்தை எடுக்கச் சுதாவும் தகப்பனும் வந்தார்கள். தகப்பன் வெயிலில் கறுத்து மெலிந்த மனிதர். கதிரையின் நுனியில் இருந்தார். நான் துணியை விலக்கினேன். அவர் எழும்பி நின்றார்.

"இவதான்," என்றார். சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இந்தப் புருவம்... எனக்கு ஏச்சு விழப்போகுதெண்டா இது இப்பிடித்தான் ஏறும்."

சுதா சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கன்னத்தைக் காட்டினாள்.

"இது என்ன அக்கா? அழிபடேல்லையோ?"

"அது உங்கட நெத்தியில இருந்தது, பிள்ளை," என்றேன். குழுப் படத்தையும் திரையில் காட்டினேன். இழுபட்ட பொட்டு, தீற்றல். "வேண்டாமெண்டா இப்பவே எடுத்துவிடலாம்."

தகப்பன் குனிந்து பார்த்தார். "ஓம்... அண்டைக்கு முழுக்க நீ அவவின்ர தோளை விட்டு இறங்கேல்ல. என்னட்ட வரமாட்டன் எண்டிட்டாய். கை நோகுது எண்டு ஏசினவ. ஆனா இறக்கேல்ல."

சுதா தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அதன் பிறகுதான் அழுதாள். மச்சாள் அவளைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய் இருத்தி, தண்ணி கொடுத்து, அவள் அழுது முடியும்வரை பக்கத்திலேயே இருந்தார்.

"எடுக்க வேண்டாம் அக்கா," என்றாள் போகும்போது.

கலியாணத்துக்கு எங்கள் மூவருக்கும் சொல்லியிருந்தாள். போனோம். சம்பூரில் வயல் பக்கமிருந்து காற்று அடித்துப் பந்தல் துணி படபடத்தது. மணவறைக்குப் போக முன்னம் சுதா தகப்பனின் காலில் விழுந்தாள். எழும்பி, கதிரையில் மாலை போட்டு வைத்திருந்த படத்துக்கு முன்னால் வந்தாள். விழுந்து கும்பிட்டாள். எழும்பியவள் உடனே போகவில்லை. குனிந்து, அப்போதுதான் வைத்த ஈரச் சந்தனப் பொட்டோடு, நெற்றியைப் படத்தின் கண்ணாடியில், அம்மாவின் இடது கன்னத்தில் அழுத்தி வைத்தாள். ஐயர் அவசரப்படுத்தினார். அவள் பொறுத்துத்தான் எடுத்தாள்.

அவள் மணவறைக்குப் போன பிறகு பார்த்தேன். கண்ணாடியில், பழைய தீற்றலுக்கு மேல், ஒரு புதுத் தீற்றல். என் கை தன்பாட்டில் கைப்பைக்குள் போய்த் துணியை எடுத்துவிட்டது.

மலர் மச்சாள் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடு, கௌரி."

"துடைக்கேல்ல மச்சாள்," என்றேன். துணியை மடித்து உள்ளே வைத்தேன்.